போர்க்கலைக்கு ஒரு களஞ்சியம்



சில ஆண்டுகளுக்கு முன்னர் பாடசாலைகளுக்கிடையிலான பொது அறிவுப் போட்டியொன்றிற்கு எமது மாணவர்களை அழைத்துச் சென்றிருந்தேன். "சீனத்துச் சாவோலின் மடத்திலே போர்க்கலையைக் கற்பித்தவர் யார்?" என்பது ஒரு வினா. எமது மாணவன் சற்றுத் தயங்கி, "போதிதர்மர் என்று சொல்வார்கள் சேர், ஆனால் அதற்குப் பழைய ஆதாரம் இல்லை" என்றான். புள்ளி கிடைக்கவில்லை. நடுவர் தடித்த நூலொன்றைப் புரட்டிக் காட்டினார். காஞ்சிபுரத்துப் பல்லவ இளவரசர் போதிதர்மரே அக்கலையின் தந்தை என்று அதில் அச்சாகியிருந்தது. அச்சில் வந்ததை எதிர்த்துப் பதினாறு வயதுப் பிள்ளை என்ன செய்ய முடியும்?

அன்று தொடங்கிய எரிச்சல்தான் இன்றைய பேச்சுக்குக் காரணம். இரண்டு புள்ளி போனது பெரிதல்ல. சரியாகப் படித்த பிள்ளை தலைகுனிந்து மேடையை விட்டு இறங்கியதுதான் பெரிது.

அந்தப் பதிவு எங்கிருந்து வந்தது? போதிதர்மரைப் பற்றிய மிகப் பழைய குறிப்பு கி.பி. 547ஆம் ஆண்டளவில் யாங் சுவான்ழி என்பவர் லோயாங் நகரத்துப் பௌத்த மடங்களைப் பற்றி எழுதிய நூலில் உள்ளது. அதில் அவர் பாரசீகத்திலிருந்து வந்த துறவி. அவருடைய மாணாக்கராகக் கருதப்படும் தான்லின் எழுதிய முன்னுரையிலே தென்னிந்தியர், ஓர் அரசனின் மூன்றாம் மகன். காஞ்சிபுரம் பிற்கால மரபிலேயே வருகிறது. இவ்விரு பழைய குறிப்புகளிலும் குத்தோ உதையோ கம்போ கிடையாது. போர்க்கலையோடு அவரை இணைக்கும் ‘யீ ஜின் ஜிங்’ என்னும் தசைப்பயிற்சி நூலின் முன்னுரைகளில் ஒன்று 628ஆம் ஆண்டுக்குரியதாகத் தன்னைக் காட்டிக்கொள்கிறது. ஆயினும் அந்நூல் 1624ஆம் ஆண்டளவில் எழுந்தது என்பதே ஆய்வாளர் முடிவு. முன்னுரை போலி என்பதைப் பதினெட்டாம் நூற்றாண்டில் பிறந்த லிங் திங்கான் என்ற சீன அறிஞரே சுட்டிக்காட்டிவிட்டார். 1930இல் தாங் ஹாவ் என்பவர் தனி நூலே எழுதி இக்கதையை மறுத்தார். அவருக்கு நன்றி கூறியவர்களைவிட அவர்மீது ஆத்திரம் கொண்டவர்களே அதிகம்.

சாவோலின் துறவியர் போரிட்டதற்கு மெய்யான சான்று இல்லாமலில்லை. 621இல் லீ ஷிமின் என்னும் இளவரசனுக்கு, பின்னர் பேரரசனானவனுக்கு, அம்மடத்துத் துறவியர் போர்க்களத்தில் உதவினர். அச்செய்தியைக் கூறும் 728ஆம் ஆண்டுக் கல்வெட்டு மடத்திலேயே நிற்கிறது. கல்லில் வெட்டிய சேதியை எவரும் மேற்கோள் காட்டுவதில்லை; கதையைக் காட்டுகிறார்கள். 2011இல் ‘ஏழாம் அறிவு’ திரைப்படம் வந்தபின் நம் பிள்ளைகளிடம் இதனைப் பேசுவதே பெரும்பாடாயிற்று.

சீனம் தூரத்தில் கிடக்கட்டும். நமது வீட்டுக்கு வருவோம். சிலப்பதிகாரக் காலத்து மதுரைக் கடைத்தெருவில் பிறநாட்டார் சிலம்பக் கம்பு வாங்கிச் சென்றனர் என்ற வாசகம் உலகத்துப் போர்க்கலை நூல்கள் பலவற்றில் காணப்படுகிறது. ஒன்றைப் பார்த்து மற்றொன்று எழுதியது. ஊர்காண் காதையை எடுத்துப் பாருங்கள். கடைத்தெருவிலே மெய்க்கவசம் உண்டு, யானைத் தோட்டி உண்டு, தோலால் செய்த காலணி உண்டு, கேடயம் உண்டு. அதே காதையில் யவனர் வாளேந்திக் கோட்டை வாயிலைக் காக்கின்றனர். யவனர் கம்பு விலைக்கு வாங்கியதாக ஒரு வரியும் இல்லை. காவல் நின்றவனைக் கடைக்கு அனுப்பிக் கையில் கம்பையும் கொடுத்துவிட்டார்கள் போலும்!

களரி என்ற சொல்லும் இப்படித்தான். புறநானூற்றில் களரி என்று வருகிறது, ஆகவே களரிப்பயிற்று ஈராயிரம் ஆண்டுப் பழமையது என்று வாதிடுவார் உளர். சேரமான் மாக்கோதை தன் மனைவியை ஈமத்தீயிலிட்டு அழுது பாடிய பாட்டில் வரும் களரி, கள்ளி முளைத்த பாழ்நிலம்; சுடுகாடு. அங்கே பயிற்சி செய்தவர் யாருமில்லை. சொல் ஒன்றாயிருப்பதாலேயே பொருளும் ஒன்றாகிவிடாது என்பதை உயர்தர வகுப்பு மாணவரும் அறிவர். களஞ்சியம் தொகுப்போர் ஏனோ மறந்துவிடுகின்றனர்.

இதைச் சொல்லும்போது, பழந்தமிழில் சான்றே இல்லையென்று எவரும் எண்ணிவிடக் கூடாது. சோழன் போரவைக்கோப் பெருநற்கிள்ளி ஆமூர் மல்லனோடு பொருததைச் சாத்தந்தையார் பாடியிருக்கிறார். ஒரு கால் மல்லனின் மார்பில். மறு கால் அவன் முயற்சியைத் தடுத்து அவன் பின்புறத்தில். மூங்கிலை முறிக்க முயலும் யானையைப் போன்ற நிலை. அருகில் நின்று பார்த்தவர் சொல்லுவது போலவே இருக்கிறது. மற்போர் என்ற தலைப்பில் எவர் பதிவு எழுதினாலும் இப்பாட்டிலிருந்து தொடங்கலாம். ஆனால் நான் கண்ட நூல்களில் இது இல்லை. யவனரின் கம்புதான் இருக்கிறது.

தமிழில் களஞ்சிய மரபு நமக்குப் புதிதன்று. யாழ்ப்பாணத்து முத்துத்தம்பிப்பிள்ளையின் ‘அபிதான கோசம்’ 1902இலும், சிங்காரவேலு முதலியாரின் ‘அபிதான சிந்தாமணி’ 1910இலும் வெளிவந்தன. அவர்களுக்கு முன்னால் ஏடுகளாவது இருந்தன. போர்க்கலைக்கு ஏடு குறைவு. இருக்கும் ஏடும் ஒளித்தே பேசும். கன்னியாகுமரிப் பக்கத்து வர்ம ஏடுகளைப் பாருங்கள். வர்மம் 108, அவற்றுள் படுவர்மம் 12, தொடுவர்மம் 96 என்று பொதுவாகக் கணக்கு வைப்பர். ஆனால் ஓர் ஏட்டின் பெயர்கள் மற்றோர் ஏட்டோடு முற்றும் ஒத்துவருவதில்லை. தகுதியற்றவன் கையில் சிக்கக்கூடாதென்று பரிபாஷையில் எழுதி, விளக்கத்தை ஆசானின் வாயிலேயே வைத்துக்கொண்டனர். ஏட்டை மட்டும் பார்த்துப் பதிவு எழுதுபவன் பாதியைத்தான் எழுதுகிறான். எந்தப் பாதியென்பதும் அவனுக்குத் தெரியாது.

சிற்பத்தை நம்பலாமென்றால் அது பெயர் சொல்லாது. கண்டிக்கு அண்மையில் எம்பெக்கே தேவாலயத்துத் தூண்களில் மல்லர் இருவர் பொருதும் செதுக்கல் இருக்கிறது. சிங்கள மக்களின் அங்கம்பொரக் கலையைப் பற்றி எழுதுவோர் அதனைக் காட்டுவர். மரத்திலே பிடி தெரிகிறது. பிடியின் பெயர் தெரிவதில்லை.

பெயரை நம்பலாமா? கராத்தே என்னும் சொல்லில் ‘கரா’வை முன்னர் சீனத்தைக் குறிக்கும் எழுத்தாலும் பின்னர் வெறுமையைக் குறிக்கும் எழுத்தாலும் எழுதினர். ஒலி மாறவில்லை, வரலாறு மாறிவிட்டது. 1936இல் ஒக்கினாவாவில் ஆசான்கள் கூடியிருந்து இதனைப் பேசி முடித்தனர். நமது கிழக்கு மாகாணத்திலே தமிழரும் முஸ்லிம்களும் ஆடிய சீனடிக்கு அப்படி எவரும் கூடிப் பேசவில்லை. சீனர் கற்பித்த அடி என்பது கேட்டவுடன் தோன்றும் விளக்கம். பெயரைத் தவிர அதற்கு வேறு சாட்சி காட்டுவாரில்லை. சலாம் வரிசை, வஸ்தாது முதலிய சொற்களைத் தூயதமிழ் அல்லவென்று கழிப்போரும் உண்டு. கழித்தால் அக்கலை யார் யார் கைமாறி வந்தது என்ற செய்தியும் சேர்ந்து போய்விடும்.

பல்கலைக்கழகத்தில் பயின்ற காலத்தில், 2004ஆம் ஆண்டு, கிழக்குக் கரையோரக் கிராமமொன்றில் முதிய சிலம்ப ஆசான் ஒருவரைச் சந்தித்தேன். அடிமுறைகளின் பெயர்களைக் கேட்டபோது திண்ணையில் அமர்ந்தபடி நெடுநேரம் யோசித்தார். ஒன்றும் வரவில்லை. பிறகு, "தம்பி, அந்தக் கம்பை எடுத்துத் தா. கை சொன்னாத்தான் வாய் சொல்லும்" என்றார். கம்பு சுழலச் சுழலப் பெயர்கள் வந்தன. நாற்பதுக்கு மேற்பட்ட சொற்களைக் கொப்பியில் எழுதினேன். மீதியை அடுத்த விடுமுறைக்கு வைத்துக்கொள்ளலாம் என்று, கொப்பியை அவர் வீட்டு அலுமாரியிலேயே விட்டு வந்தேன். மார்கழி 26ஆந் திகதி கடல் வந்தது. ஆசான் உயிர் தப்பினார். வீடும் அலுமாரியும் போயின.

மறுமுறை சென்றபோது அவருக்குப் பாரிசவாதம். வலக்கை மடியில் கிடந்தது. கம்பை நீட்டினேன். இடக்கையால் அதைத் தடவிப் பார்த்துவிட்டுச் சிரித்தார். ஒரு பெயரும் வரவில்லை. என் நினைவில் நின்றவை பதினொரு சொற்கள். அவற்றைத் தனித்தனி அட்டைகளில் எழுதி வைத்திருக்கிறேன். ஒன்பதுக்குப் பொருள் எழுதியாயிற்று. இரண்டு அட்டைகளில் சொல் மட்டும் இருக்கிறது. அதன்கீழே ஊகித்து எதையும் எழுத மனம் வரவில்லை.