டீசல் எங்கே போகிறது? மண் அள்ளும் வண்டி வைத்திருப்போர் அறிய வேண்டியவை

கடனில் ஒரு மண் அள்ளும் வண்டி எடுத்து வாடகைக்கு விடுகிறவரின் கணக்கு நோட்டைப் புரட்டிப் பார்த்தால், தவணையைவிடப் பெரிய தொகையாகப் பல மாதங்களில் நிற்பது டீசல்தான். 20 டன் ரகச் செயின் வண்டி கடின மண்ணில் மணிக்கு 12 முதல் 15 லிட்டர் வரை குடிக்கிறது. மணிக்கு 13 லிட்டர், நாளைக்கு 8 மணி நேரம், லிட்டர் 92 ரூபாய் என்று வைத்துக்கொண்டால் ஒரு நாள் டீசல் 9,568 ரூபாய். தவணைக்கு மாதம் ஒரு தேதி உண்டு. டீசலுக்கு அன்றன்றைக்கே ரொக்கம் வேண்டும்.

இதில் வரியையாவது திரும்பப் பெறலாமா என்றால் அதற்கும் வழியில்லை. டீசல் ஜிஎஸ்டிக்கு வெளியே இருக்கிறது. வாடகைக்கு ஜிஎஸ்டி வசூலித்துக் கட்டுகிற உரிமையாளர்கூட, டீசலில் கொடுத்த மத்திய, மாநில வரிகளை உள்ளீட்டு வரியாகக் கழித்துக்கொள்ள முடியாது. தமிழ்நாட்டில் மதிப்புக் கூட்டு வரி மட்டுமே 11 சதவீதமும், அதோடு லிட்டருக்கு 9 ரூபாய் 62 காசும். விலையை நாம் குறைக்க முடியாது. ஆனால் வீணாகும் அளவைக் குறைக்கலாம், அளவில் ஏமாறாமல் இருக்கலாம், ஊற்றிய டீசலுக்கான கூலியைக் காலத்தில் வாங்கலாம். இந்த மூன்றில் பின்னிரண்டுக்கும் சட்டத்தின் துணை இருக்கிறது என்பது நம் உரிமையாளர்கள் பலருக்குத் தெரியவில்லை.

முதல் வேலை, அளப்பது. “ஒரு நாளைக்கு 100 லிட்டர் ஆகும்” என்ற வாய்க்கணக்கு உதவாது. வேலை முடிந்த மாலையில் வண்டியைச் சமதளத்தில் நிறுத்தி டேங்க்கை வாய்வரை நிரப்புங்கள். ஹவர் மீட்டரைக் குறித்துக்கொள்ளுங்கள். மறுநாள் மாலை அதே மாதிரி நிறுத்தி மறுபடி நிரப்பி, ஊற்றிய லிட்டரை ஓடிய மணியால் வகுத்தால் உண்மைக் கணக்கு கிடைக்கும். பக்கத்தில் வேலையின் வகையையும் எழுத வேண்டும்: டிப்பர் லோடா, கிணறு வெட்டா, பிரேக்கர் வேலையா என்று. ஒரு வாரம் எழுதினால் உங்கள் வண்டியின் இயல்பு தெரிந்துவிடும். பிறகு ஒருநாள் கணக்கு திடீரென ஏறினால், ஏர் ஃபில்டர் அடைத்திருக்கிறதா, எங்கோ ஒழுகுகிறதா, யாரோ எடுக்கிறார்களா என்று உடனே தேட முடியும். மாலையில் நிரப்புவதில் இன்னொரு நன்மை, காலி டேங்க்கில் இரவின் ஈரம் நீராகப் படியாது.

ஜேசிபியின் லைவ்லிங்க், கோமாட்சுவின் கோம்ட்ராக்ஸ் போன்ற தொலைக்கண்காணிப்பு வசதிகள் உள்ள வண்டிகளில், எத்தனை மணி நேரம் வேலை நடந்தது, எத்தனை மணி நேரம் இன்ஜின் சும்மா ஓடியது என்பது பதிவாகிறது. காசு கொடுத்து வாங்கிய வண்டியில் அந்த வசதி இருந்தால், அதன் பயனர் கணக்கை விற்பனை முகவரிடம் கேட்டு வாங்குங்கள். பழைய வண்டி வாங்குகிறவர்கள் அதைத் தங்கள் பெயருக்கு மாற்றித் தரும்படி வலியுறுத்த வேண்டும். வாடகை மணியில் தகராறு வரும்போது நல்ல சாட்சி அதுதான்.

சும்மா ஓடுவதைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் பெரும் கசிவு அங்கேதான். டிப்பருக்குக் காத்திருக்கும்போதும், சைட் இன்ஜினியர் மார்க்கிங் போட்டுத் தரும்வரையிலும் இன்ஜின் உறுமிக்கொண்டே இருக்கும். 20 டன் வண்டி நின்ற இடத்தில் ஓடினாலே மணிக்கு 2, 3 லிட்டர் போகும். நாளைக்கு 3 மணி நேரம், மணிக்கு இரண்டரை லிட்டர், மாதம் 25 நாள் என்று போட்டால் 17,250 ரூபாய். ஒரு பிடி மண்கூட அள்ளாமல் போகிற பணம் இது. ஹவர் மீட்டரும் கூடவே ஓடுகிறது என்பதைப் பலர் யோசிப்பதில்லை. வாரண்டி மணிகள் கரைகின்றன, ஆயில் மாற்றும் நாள் முன்கூட்டியே வருகிறது, விற்கப்போனால் “இத்தனை மணி ஓடிய வண்டியா?” என்று விலையைக் குறைக்கிறார்கள். ஐந்து நிமிடத்துக்கு மேல் காத்திருக்க நேர்ந்தால் அணைத்துவிடுவது நல்ல வழக்கம். கடும் வேலைக்குப் பிறகு மட்டும் டர்போ சூடு தணிய மூன்று நான்கு நிமிடம் மெதுவாக ஓடவிட்டு அணைக்க வேண்டும். அதைச் செய்யாமல் டர்போவைக் கெடுத்துக்கொண்டால் சேமித்த டீசல் காசு அதற்கே போய்விடும்.

வேலை செய்யும் முறையிலும் லிட்டர்கள் இருக்கின்றன. டிப்பரின் தொட்டி உயரத்துக்கு மேடு கட்டி, அதன்மேல் வண்டியை நிறுத்தி லோடு போட்டால் பூம் தூக்க வேண்டிய உயரம் குறைகிறது. டிப்பரைப் பின்பக்கம் நிறுத்தி ஒவ்வொரு பக்கெட்டுக்கும் அரைவட்டம் சுற்றுவதைவிட, பக்கவாட்டில் நெருக்கி நிறுத்திக் குறைந்த கோணத்தில் சுற்றினால் ஒவ்வொரு லோடிலும் நேரம் மிச்சம். தேய்ந்த பக்கெட் பல்லோடு கடின மண்ணைத் தோண்டுவது டீசலைக் கொட்டுவதற்குச் சமம். பாறையில் மாட்டிய பக்கெட்டை நெம்புகோலை அழுத்திப் பிடித்து இழுத்தால், ஹைட்ராலிக் ஆயில் ரிலீஃப் வால்வு வழியாகச் சுற்றிச் சூடேறுமே தவிர பாறை நகராது. சாதாரண மண்ணுக்குச் சிக்கன மோடு போதும். எப்போதும் முழு ரேஸில் வைப்பது பழக்கதோஷம்தான். செயின் வண்டியைத் தூர சைட்டுக்கு நடத்திக்கொண்டு போவதைவிட ட்ரெய்லரில் ஏற்றுவது பெரும்பாலும் மலிவு, செயினுக்கும் நல்லது.

இவ்வளவும் ஆப்பரேட்டரின் கையில் இருக்கிறது. அவரை எதிரியாக வைத்துக்கொண்டு டீசலை மிச்சம் பிடிக்க முடியாது. வெயில் காலத்தில் கேபினுக்குள் இன்ஜினை ஓடவிட்டு ஏசியில் உட்கார்ந்திருப்பவரை “டீசல் திருடன்” போல நடத்துவதைப் பார்க்கிறோம். வேலூர், கரூர், திருச்சி வெயிலில் இரும்புக் கேபினுக்குள் இருப்பவருக்கு அது சொகுசு இல்லை. காத்திருக்கும் நேரத்தில் ஒதுங்க ஒரு நிழல் பந்தலும் குடிநீரும் இருந்தால் அவரே இன்ஜினை அணைத்துவிட்டு இறங்குவார். சைட்டில் வேலையில்லாமல் உறுமும் இன்ஜின் அவர் நுரையீரலுக்கும் கேடு: டீசல் புகை மனிதருக்குப் புற்றுநோய் தரக்கூடியது என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு 2012இல் உறுதியாக வகைப்படுத்திவிட்டது.

டீசல் குறைந்தால் சம்பளத்தில் பிடிப்பது பல இடங்களில் நடக்கிறது. ஊதியச் சட்டம் அப்படிக் கண்மூடித்தனமாகப் பிடிக்க இடம் தரவில்லை. இழப்பு அவருடைய அலட்சியத்தாலோ தவறாலோ நேரடியாக ஏற்பட்டது என்று தெரிய வேண்டும், விளக்கம் சொல்ல அவருக்கு வாய்ப்புத் தர வேண்டும், பிடித்தம் இழப்பின் அளவைத் தாண்டக் கூடாது. ஆப்பரேட்டராக இருக்கும் தம்பிகள் இதைத் தெரிந்துகொள்ள வேண்டும். முறையற்ற பிடித்தத்தை எதிர்த்துத் தொழிலாளர் துறையிடம் போகலாம். உரிமையாளர்களுக்கு நான் சொல்வது: டேங்க் மூடிக்குப் பூட்டுப் போடுங்கள், ஒரு வாரச் சராசரியை அவரோடு சேர்ந்து எழுதுங்கள், மிச்சமாகும் தொகையில் ஒரு பங்கை அவருக்குக் கொடுங்கள்.

இனி பங்க்குக்கு வருவோம். டீசல் அளவில் சந்தேகம் வந்தால், முத்திரையிட்ட 5 லிட்டர் அளவுக் குவளையில் ஊற்றிக் காட்டும்படி கேட்கும் உரிமை வாடிக்கையாளருக்கு உண்டு. 5 லிட்டருக்கு 25 மில்லி வரையிலான வித்தியாசமே அனுமதிக்கப்பட்டது. தரத்தில் சந்தேகம் என்றால் அடர்த்தி பார்க்கச் சொல்லலாம். ஹைட்ரோமீட்டர், வெப்பமானி, மாற்று அட்டவணை எல்லாம் பங்க்கில் இருக்க வேண்டும்; 15 டிகிரிக்கு மாற்றிய அடர்த்தி, அங்கே பதிவான அளவிலிருந்து கன மீட்டருக்கு 3 கிலோவுக்கு மேல் விலகக் கூடாது. ஃபில்டர் பேப்பர் சோதனை பெட்ரோலுக்கானது, டீசலுக்குப் பயன்படாது. பிளாஸ்டிக் கேனில் எழுதியிருக்கும் லிட்டர் கோட்டை நம்பிச் சண்டை போடவும் வேண்டாம், அது சட்டப்படியான அளவு ஆகாது. அளவு குறைந்தால் தமிழ்நாட்டில் தொழிலாளர் துறையின் கீழ் உள்ள எடையளவுப் பிரிவுக்கும், தரம் கெட்டிருந்தால் சம்பந்தப்பட்ட எண்ணெய் நிறுவனத்துக்கும் மாவட்ட வழங்கல் அலுவலருக்கும் எழுத்தில் புகார் கொடுங்கள். தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. பில் இல்லாமல் இவை எதுவும் நிற்காது. தினமும் பில் வாங்குங்கள். சைட்டுக்கே வந்து ஊற்றும் அங்கீகாரம் பெற்ற டீசல் வண்டிகளிலும் மீட்டர் முத்திரையைப் பார்த்து, அச்சிட்ட ரசீது கேளுங்கள்.

“பயோடீசல்”, “இண்டஸ்ட்ரியல் ஆயில்” என்று லிட்டருக்குப் பத்து இருபது ரூபாய் குறைத்துச் சைட்டுக்கே கொண்டுவந்து தருகிறவர்களிடம் மிகுந்த எச்சரிக்கை வேண்டும். பயோடீசல் சில்லறை விற்பனைக்கு மத்திய அரசு 2019இல் வழிமுறை வகுத்திருக்கிறது; பதிவு இல்லாமல் விற்பது முறைகேடு. அந்தத் திரவத்தில் என்ன இருக்கிறது என்பது உங்களுக்கும் தெரியாது, வண்டிக்கும் தெரியாது. காமன் ரெயில் இன்ஜினின் இன்ஜெக்டரும் பம்பும் கெட்டால் செலவு லட்சத்தைத் தொடலாம். கலப்பட எரிபொருள் என்று தெரிந்ததும் நிறுவனம் வாரண்டியை மறுத்துவிடும். மண்ணெண்ணெய் கலந்தாலும் இதே கதிதான். சில புதிய வண்டிகளில் புகையைச் சுத்தப்படுத்த ஊற்றும் யூரியா திரவத்துக்குப் பதிலாக வயல் யூரியாவைக் கரைத்து ஊற்றுவதும் நடக்கிறது. அந்த யூரியா வேம்பு பூசியது, இந்த வேலைக்குத் தேவையான தூய்மை அதில் இல்லை. மானிய உரத்தை இப்படித் திருப்புவது உரக் கட்டுப்பாட்டு ஆணைப்படி குற்றமும்கூட.

பேரலில் டீசல் இருப்பு வைக்கிறவர்களுக்கு ஒரு வரம்பு உண்டு. பெட்ரோலியச் சட்டப்படி, ஓரிடத்தில் மொத்தம் 2,500 லிட்டருக்குள், எந்தக் கலனும் 1,000 லிட்டரைத் தாண்டாமல் இருந்தால்தான் உரிமம் வேண்டாம். தொழிலாளர் தங்கும் கொட்டகைக்கும் சமையல் இடத்துக்கும் பக்கத்தில் பேரலை நிறுத்தாதீர்கள். ட்யூப்பை வாயில் வைத்து டீசல் உறிஞ்சும் வழக்கம் உடனே ஒழிய வேண்டும். நுரையீரலுக்குள் சில துளிகள் போனாலே உயிருக்கு ஆபத்தான அழற்சி வரலாம். யாராவது விழுங்கிவிட்டால் வாந்தி எடுக்கவைக்காமல் மருத்துவமனைக்குக் கொண்டுசெல்லுங்கள். கையால் அடிக்கும் பம்ப் ஒன்று வாங்கி வைப்பது பெரிய செலவில்லை.

கெட்ட டீசலால் இன்ஜின் போய்விட்டது, அல்லது குறைபாடுள்ள புது வண்டி அளவுக்கு மீறிக் குடிக்கிறது, முகவர் கவனிக்கவில்லை. அப்போது “இது வியாபார வண்டி, நுகர்வோர் நீதிமன்றம் போக முடியாது” என்று சொல்லி அனுப்புவார்கள். முழு உண்மை அதுவல்ல. 2019ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், சுயதொழில் செய்து வாழ்வாதாரம் ஈட்டுவதற்காக மட்டுமே வாங்கிப் பயன்படுத்தும் பொருளை வணிக நோக்கத்திலிருந்து விலக்கிவைத்திருக்கிறது. கோவை பி.எஸ்.ஜி. தொழில் நிறுவனம் சம்பந்தப்பட்ட லட்சுமி இன்ஜினியரிங் வழக்கில் உச்ச நீதிமன்றம் 1995இல் இதை விளக்கியது: பிழைப்புக்காக லாரி வாங்கித் தானே ஓட்டுகிறவர் நுகர்வோர்தான், உதவிக்கு ஓரிருவரை வைத்துக்கொண்டாலும் அந்த நிலை மாறாது. ஆனால் அந்த வழக்கில் மனுதாரர் தோற்றார் என்பதையும் மறக்கக் கூடாது. இயந்திரத்தின் அளவும் தொழிலின் தன்மையும் பார்க்கப்படும். ஐந்தாறு வண்டி வைத்து ஆட்களை விட்டு ஓட்டுகிறவருக்கு இந்த வாசல் திறப்பது கடினம். ஒற்றை வண்டியைத் தானே ஓட்டுகிறவர் தயங்க வேண்டாம். கொடுத்த விலை 50 லட்சம் ரூபாய் வரை என்றால் மாவட்ட ஆணையத்திலேயே, உங்கள் ஊரிலேயே, இரண்டு ஆண்டுகளுக்குள் மனு போடலாம். 20 முதல் 50 லட்சம் வரையிலான வழக்குக்குக் கட்டணம் 1,000 ரூபாய். கெட்ட டீசலின் மாதிரியை எடுத்து, சாட்சி முன்னிலையில் மூடி முத்திரையிட்டு வைத்திருப்பவருக்கே அங்கே வாதம் நிற்கும்.

கடைசியாக, வாடகைப் பேச்சு. “டீசலோடு மணிக்கு இவ்வளவு” என்று வாயால் பேசி வண்டியை இறக்குகிறோம். மூன்று மாதம் கழித்து டீசல் ஏறியிருக்கும், வாடகை அப்படியே இருக்கும். பெரிய அரசு ஒப்பந்தங்கள் பலவற்றில் விலை ஏற்றத்துக்குச் சரிக்கட்டும் பிரிவு உண்டு; அதன் பலன் துணை ஒப்பந்தத்தில் ஓடும் ஒற்றை வண்டிக்காரருக்குத் தானாக இறங்கி வராது. ஒரு பக்கத்தில் எழுதிக் கையெழுத்து வாங்குங்கள்: இன்றைய டீசல் விலை இவ்வளவு, லிட்டருக்கு 2 ரூபாய் ஏறினால் வாடகை இவ்வளவு கூடும், டிப்பர் வராமல் காத்திருக்கும் நேரத்துக்கு இவ்வளவு. காத்திருப்புக்கு விலை எழுதியதும் சைட்டில் டிப்பர்கள் நேரத்துக்கு வர ஆரம்பிப்பதைப் பார்ப்பீர்கள்.

வாடகையைக் காலத்தில் வாங்க உதவுவது உத்யம் என்ற குறு, சிறு நிறுவனப் பதிவு; அது இலவசம். வேலை தொடங்குமுன் அதைச் செய்துவிடுங்கள். 2006ஆம் ஆண்டின் குறு, சிறு, நடுத்தர நிறுவனச் சட்டப்படி, பதிவு பெற்ற குறு, சிறு நிறுவனத்துக்கு வாங்குபவர் எழுத்து ஒப்பந்தம் இருந்தால் அதில் சொன்ன நாளுக்குள், அதுவும் 45 நாளைத் தாண்டாமல், ஒப்பந்தம் இல்லையென்றால் 15 நாளுக்குள் பணம் தர வேண்டும். தவறினால் ரிசர்வ் வங்கியின் வங்கி விகிதத்தைப் போல மூன்று மடங்கு வட்டி, மாதாமாதம் கூட்டுவட்டியாக. சென்னை, கோவை, மதுரை, திருச்சியில் உள்ள வசதியாக்கல் மன்றங்களுக்கு இணையவழியிலேயே மனுப் போடலாம். மன்றத்தின் தீர்ப்பை எதிர்த்து ஒப்பந்ததாரர் நீதிமன்றம் போனால், தீர்ப்புத் தொகையில் 75 சதவீதத்தை முதலில் கட்டியாக வேண்டும். அந்த மனுவோடு இணைக்க வேண்டியவை நீங்கள் தினமும் சேர்த்துவைத்த காகிதங்களே: டீசல் பில், ஹவர் மீட்டர் குறிப்பு, அன்றைய வேலைச் சீட்டில் சைட் மேஸ்திரியின் கையெழுத்து. சீட்டில் கையெழுத்து வாங்காமல் அன்று மாலை வண்டியை அணைத்துவிட்டுக் கிளம்பாதீர்கள்.