வீட்டு நாயும் வீட்டு நோயாளியும்

சென்ற மாதம் நம் சங்கத்துக் கூட்டம் முடிந்து சுண்டல் பொட்டலத்தோடு நின்றுகொண்டிருந்தபோது உறுப்பினர் ஒருவர் என்னைத் தனியே அழைத்துப் போனார். "சார், ஊர்லேருந்து அப்பா வந்திருக்கார். கிட்னி மாத்தணும்னு தேதி குறிச்சாச்சு. வீட்ல நாய் இருக்குன்னு சொன்னதும் டாக்டர், உடனே எங்கேயாவது அனுப்பிடுங்கன்னுட்டார். பொண்ணு ரெண்டு நாளா சரியா சாப்பிடலை. நீங்க என்ன சொல்றீங்க?" என்றார். நின்ற நிலையில் சொல்லக்கூடிய பதில் என்னிடம் இல்லை. எழுதித் தருகிறேன் என்றேன். பத்திரிகையிலும் போடுங்களேன் என்று ஆசிரியர் கேட்டுக்கொண்டதால் இந்தக் கட்டுரை.

என்னைத் தெரியாதவர்களுக்காக: நான் கால்நடை மருத்துவன். வேப்பேரிக் கல்லூரியில் 1976-ல் பட்டம் பெற்று, சில வருஷங்களில் பம்பாய்க்கு வந்து, செம்பூரில் முப்பத்தைந்து ஆண்டுகள் நாய்க்கும் பூனைக்கும் ஊசி போட்டுவிட்டு ஓய்ந்தவன். பிறருக்கு யோசனை சொல்வதற்கு முன் என் வீட்டில் நடந்ததைச் சொல்லிவிடுவதுதான் நியாயம்.

என் மனைவிக்கு 1998-ல் மண்ணீரலை எடுத்துவிட்டார்கள். ரத்தத்தில் தட்டணுக்கள் குறைந்துகொண்டே போகும் நோய். மாத்திரைக்கு அடங்கவில்லை, அறுவை செய்தார்கள், சரியாயிற்று. அதன்பின் பதினெட்டு வருஷம் ஒரு குறையும் இல்லை. அவளுக்கு மண்ணீரல் இல்லை என்பதே வீட்டில் எல்லோருக்கும் மறந்துபோயிற்று.

2016-ல் பிள்ளையார் சதுர்த்தி கழிந்த வாரம், எங்கள் நாய் மணியின் காலில் கண்ணாடிச் சில்லு குத்தியிருந்தது. அவள் பாதத்தைப் பிடித்துக்கொண்டாள், நான் இடுக்கியால் எடுத்தேன். வலியில் மணி திரும்பியபோது அவள் கட்டைவிரலின் அடியில் பல் பட்டது. கடி என்றுகூடச் சொல்ல முடியாது, கீறல். சோப்புப் போட்டுக் குழாயடியில் கழுவினோம். மணிக்கு வெறிநாய்த் தடுப்பூசி வருஷம் தவறாமல் என் கையாலேயே போட்டு வந்தேன். ஆகவே கவலை இல்லை என்று அதோடு விட்டுவிட்டோம்.

மூன்றாம் நாள் இரவு குளிர்க் காய்ச்சல், வாந்தி, கால்களில் தாங்கமுடியாத வலி. பக்கத்திலிருந்த நர்சிங் ஹோமில் இரவுப் பணியில் இருந்த டாக்டர், இது வைரல் சீசன், டெங்குவாகவும் இருக்கலாம், காலையில் ரத்தம் எடுக்கலாம் என்று மாத்திரை கொடுத்து அனுப்பினார். விடிவதற்குள் காலெல்லாம் ஊதா நிறத் திட்டுக்கள். ரத்த அழுத்தம் இறங்கிக்கொண்டே போயிற்று. பெரிய ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடினோம். அங்கே வயதில் சிறிய பெண் டாக்டர் இரண்டே கேள்வி கேட்டார். முன்பு ஏதாவது ஆபரேஷன் ஆகியிருக்கிறதா? வீட்டில் நாய் பூனை உண்டா? பதிலைக் கேட்டவர் பரிசோதனை முடிவுக்குக் காத்திராமல் அந்த நிமிஷமே ஆன்டிபயாடிக்கை நரம்பில் ஏற்றச் சொன்னார்.

ரத்தத்தில் கிருமி வளர்ந்து பெயர் தெரிய ஆறு நாள் ஆயிற்று. பத்தொன்பது நாள் படுக்கை. இடது காலில் இரண்டு விரல் நுனிகள் கறுத்துவிட்டன. ஒன்று தேறியது. மற்றதை எடுத்துவிட்டார்கள். அந்த இரண்டு கேள்விகளையும் மூன்று நாள் முன்னதாகக் குழாயடியில் கேட்டிருக்கவேண்டியவன் நான். நாய் வாயில் என்னென்ன உண்டு என்று படித்தவனும் நான்தான், மனைவிக்கு என்ன இல்லை என்று தெரிந்தவனும் நான்தான்.

அந்தக் கிருமியின் பெயர் கேப்னோசைட்டோபேகா கேனிமார்சஸ். கரியமில வாயுவைத் தின்பது என்று முதல் சொல்லுக்குப் பொருள். அந்த வாயு இருந்தால்தான் நன்றாக வளரும். இரண்டாவது சொல் லத்தீனில் நாய்க்கடி. நான் பட்டம் வாங்கிய அதே 1976-ல்தான் அமெரிக்காவில் இதனால் நோயுற்ற ஒருவரைப் பற்றி முதன்முதலாக எழுதினார்கள். பதின்மூன்று வருஷம் டி.எஃப்.2 என்ற எண்ணோடு திரிந்து 1989-ல்தான் இதற்குப் பெயர் சூட்டினார்கள். ஆனால் கிருமி புதிதல்ல. நாய் பூனைகளின் வாயில் அது காலங்காலமாகக் குடியிருக்கிறது. அவற்றுக்கு ஒரு கெடுதலும் செய்வதில்லை. நமக்கும் சாதாரணமாகச் செய்வதில்லை. டென்மார்க், நெதர்லாந்து நாடுகளில் கணக்கெடுத்ததில் ஆண்டுக்குப் பத்து லட்சம் பேரில் ஒருவருக்குக்கூட இது வருவதில்லை. ஆனால் ரத்தத்தில் பரவிவிட்டால் பிழைக்காதவர்கள் நான்கில் ஒருவருக்குக் குறையாது.

யாருக்கு வருகிறது என்பதில்தான் விஷயம் இருக்கிறது. மண்ணீரல் என்பது ரத்தத்துக்கு ஒரு சல்லடை. சிலவகைக் கிருமிகளைப் பிடித்து நிறுத்துவதில் அதற்கு ஈடு வேறு உறுப்பு இல்லை. அது இல்லாதவர்கள், குடியினால் ஈரல் கெட்டவர்கள், எதிர்ப்புச் சக்தியை அடக்கும் மருந்து சாப்பிடுகிறவர்கள் ஆகியோரே பெரும்பாலும் அகப்படுகிறார்கள். கடிக்கத்தான் வேண்டுமென்பதில்லை; திறந்த புண்ணை நாய் நக்கினாலும் போதும்.

புதிதாகத் தலையெடுக்கும் நோய்கள் என்று பத்திரிகைகளில் படிக்கும்போது எங்கோ காட்டிலிருந்து புறப்பட்டு வந்த கிருமி என்றே நினைக்கிறோம். அப்படியும் உண்டு. ஆனால் பல சமயம் கிருமி பழையது, மனிதர்தான் புதியவர். வேலூர் ஆஸ்பத்திரியில் 1971-ல் சிறுநீரகம் மாற்றினார்கள். அதற்கு முந்தைய தலைமுறையில் சிறுநீரகம் கெட்டவர் பிழைத்ததில்லை. இன்று மாற்றுச் சிறுநீரகத்தோடு பல ஆண்டுகள் நடமாடுகிறார்கள். புற்றுநோய்க்கு மருந்து ஏற்றிக்கொண்டே ஆபீஸ் போகிறார்கள். முடக்குவாதத்துக்கு வருஷக்கணக்கில் ஸ்டீராய்டு சாப்பிடுகிறார்கள். சென்னையில் 1986-ல் நம் நாட்டிலேயே முதன்முதலாகக் கண்டுபிடிக்கப்பட்ட எச்.ஐ.வி. கிருமியோடு, மருந்தின் தயவால், முழு ஆயுளும் வாழ்கிறார்கள். இவர்கள் எல்லோரும் மருத்துவத்தின் வெற்றி. இவர்கள் காலடியில்தான் நாயும் படுத்திருக்கிறது. ஊரில் அது திண்ணையோடு நின்றது; இங்கே அறுநூறு சதுர அடி ஃப்ளாட்டில் கட்டிலிலேயே ஏறிப் படுக்கிறது.

பூனைக்கீறல் காய்ச்சலின் கதை இதற்கு நல்ல சாட்சி. 1950-ல் பாரிஸில் ராபர்ட் டெப்ரே என்ற டாக்டர் இதை விவரித்தார். பூனை பிறாண்டிய குழந்தைக்குக் கக்கத்தில் நெறி கட்டும், கொஞ்சம் காய்ச்சல் இருக்கும், தானே வடிந்துவிடும். எந்தக் கிருமி என்பது நாற்பது வருஷம் நிச்சயமாகவில்லை. 1980-களில் எய்ட்ஸ் நோயாளிகளின் தோலில் செர்ரிப்பழம் போலச் சிவந்த கட்டிகள் தோன்றின. புற்றுநோய் என்றே பலர் எண்ணினார்கள். 1990-ல் அந்தக் கட்டியிலிருந்த மரபுப் பொருளை வைத்துக் கிருமியின் இனத்தைக் கண்டுபிடித்தார்கள். இன்று அதற்கு பார்ட்டொனெல்லா ஹென்சலே என்று பெயர். பிறகு பார்த்தால் குழந்தைக்கு நெறி கட்ட வைத்ததும் அதே கிருமிதான்! ஒரே கிருமி, திடமான உடம்பில் தானே தீரும் தொல்லை. பலவீனமான உடம்பில் உயிருக்கே ஆபத்து. இது பூனைக்குப் பூனை பரவுவது தெள்ளுப்பூச்சியால். தெள்ளின் கழிவு நகத்தில் ஒட்டி நம் தோலுக்குள் போகிறது. ஆகவே தெள்ளை ஒழித்து நகத்தை வெட்டிவிட்டால் பாதிக்கு மேல் வேலை முடிந்தது. ஒரு வயதுக்குட்பட்ட குட்டிகளிடம்தான் இது அதிகம்.

பூனை என்றதும் கர்ப்பிணிகள் இருக்கும் வீட்டில் டாக்ஸோபிளாஸ்மா என்று ஒரு பயம் கிளம்பும். பயம் முழுப் பொய்யல்ல. ஆனால் பூனை இதை மலத்தில் வெளியேற்றுவது பொதுவாக வாழ்நாளில் ஒரே தடவை, ஒன்றிரண்டு வாரம், அதிகம் போனால் மூன்று. வெளியேறிய முட்டை ஒரு நாளாவது கிடந்தால்தான் தொற்றும் பக்குவம் அடையும். ஆகவே மண்தட்டைத் தினமும், வீட்டில் வேறு யாராவது, சுத்தம் செய்தால் போதும். அரைவேக்காட்டு இறைச்சியாலும் கழுவாத கீரையாலும் வருவதை மறந்துவிட்டுப் பூனையை மட்டும் விரட்டுகிறோம். உறுப்பு மாற்றியவர்களுக்குப் பல சமயம் புதிதாகவே வருவதில்லை. எப்போதோ உடம்பில் புகுந்து உறங்கிக் கிடந்தது விழித்துக்கொள்கிறது.

மும்பைவாசிகளுக்குப் புறாவைப் பற்றிச் சொல்லாமல் விட முடியாது. தாதர் கபூதர்கானாவை மூடியதையொட்டி 2025-ல் எழுந்த சச்சரவு எல்லோருக்கும் நினைவிருக்கும். அந்த வழக்குக்குள் நான் போகவில்லை. புறா எச்சத்தில் கிரிப்டோகாக்கஸ் என்ற காளான் வளர்வது 1955-லிருந்தே தெரிந்த செய்தி. காய்ந்த எச்சத்தைப் பெருக்கும்போது தூசியாகி மூச்சில் போகும். திடமானவரை ஒன்றும் செய்யாது. எதிர்ப்புச் சக்தி குறைந்தவருக்கு மூளைக் காய்ச்சல் வரலாம். வீட்டில் வளர்த்த காக்கட்டூ கிளியிடமிருந்து, சிறுநீரகம் மாற்றிக்கொண்ட ஒரு அம்மையாருக்கு இது தொற்றியதற்கான சான்றை 2000-ல் வெளியிட்டார்கள். டாடா ஆஸ்பத்திரிக்கு வைத்தியத்துக்கு வந்து நம் வீடுகளில் தங்கும் உறவினரை, காற்றோட்டமாக இருக்கட்டும் என்று புறா அடையும் பால்கனியை ஒட்டியே படுக்க வைக்கிறோம். எச்சத்தைத் தண்ணீர் தெளித்து நனைத்த பிறகே வாருங்கள், அதுவும் நோயாளி அல்லாதவர்.

மீன்தொட்டிக் கடையில் விற்கும் குட்டி ஆமை ஸால்மனெல்லாவைச் சுமந்து வரும். இதற்காகவே அமெரிக்காவில் நாலு அங்குலத்துக்குக் குறைந்த ஆமைகளை விற்க 1975-ல் தடை போட்டார்கள். மீன்தொட்டியைக் கையுறை இல்லாமல் கழுவினால் ஆறாத புண் வரலாம். பிரேசிலில் ரியோ நகரில் 1998-லிருந்து ஒரு தோல் காளான் நோய் பூனைகளிடமிருந்து மனிதருக்குப் பரவி அண்டை நாடுகள் வரை போயிருக்கிறது. நம் ஊர்ப் பூனைகளுக்கு அந்தப் பேச்சு இல்லை, ஆறாத புண்ணோடு வரும் தெருப்பூனையைத் தொடாமலிருப்பது எங்கும் நல்லதுதான். எலி மூத்திரத்தால் வரும் லெப்டோ காய்ச்சலை, 2005 ஜூலை 26 வெள்ளத்தைப் பார்த்தவர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. நாய்க்கும் அது வரும், நாயிடமிருந்து நமக்கும் வரும். அதற்கு நாய்க்குத் தடுப்பூசி உண்டு.

வெறிநாய்க்கடி பற்றி ஒன்று மட்டும். முன்பே ஊசி போட்டுக்கொண்டவர் மறுபடி கடிபட்டால் இரண்டு ஊசி போதும் என்பது பொது விதி. எதிர்ப்புச் சக்தி குறைந்தவருக்கு இது பொருந்தாது. அவர்களுக்குச் சிறு கீறலானாலும் முழு ஊசி வரிசையும், புண்ணைச் சுற்றிப் போடும் இம்யூனோகுளோபுலினும் வேண்டும். கடித்த இடத்தைச் சோப்பால் பதினைந்து நிமிஷம் ஓடும் நீரில் கழுவுங்கள். கடிகாரத்தைப் பார்த்துக் கழுவுங்கள். பதினைந்து நிமிஷம் என்பது நாம் நினைப்பதைவிட நீளம்.

இனி அந்த உறுப்பினரின் கேள்விக்கு வருகிறேன். நாயை அனுப்பவேண்டுமா? ஆரோக்கியமான, வயதுவந்த, ஏற்கெனவே வீட்டில் பழகிய நாயானால் வேண்டாம் என்பதே என் கருத்து. உறுப்பு மாற்றிய முதல் ஆறு மாதம் மருந்தின் அளவு அதிகம், ஆபத்தும் அதிகம். அப்போது புதிதாகக் குட்டி எதையும் வாங்காதீர்கள். குட்டி கடிக்கும், குட்டிக்கு வயிற்றுப்போக்கு வரும், அந்தக் கிருமி நமக்கும் ஆகாது. நாய் அப்பாவின் முகத்தையும் புண்ணையும் நக்கக்கூடாது, அவர் படுக்கையில் ஏறக்கூடாது. கழிவை அவர் தொடவேண்டாம். நாய்க்குப் பச்சை இறைச்சி போடும் புது வழக்கம் அந்த வீட்டில் வேண்டாம். ஆபரேஷன் வரை வயிற்றில் குழாய் வைத்து வீட்டிலேயே டயாலிசிஸ் நடக்கிறதென்றால், அந்த நேரத்தில் அறைக்கதவு சாத்தியிருக்கட்டும். பூனை குழாயைக் கடித்து வயிற்றுக்குள் கிருமி போன சம்பவங்கள் உண்டு.

இவ்வளவையும்விட முக்கியமாக நான் கருதுவது, இரண்டு டாக்டர்களுக்கும் தெரிவிப்பது. என் முப்பத்தைந்து வருஷ அனுபவத்தில், "வீட்டில் கீமோ எடுத்துக்கொள்பவர் யாராவது உண்டா" என்று நான் நாய்க்காரரைக் கேட்டதே இல்லை. கேட்டிருந்தால் சிலருக்கு, மூக்கில் விடும் இருமல் தடுப்பு மருந்துக்குப் பதில் ஊசியாகப் போடுவதைத் தந்திருப்பேன். மூக்கு மருந்தில் இருப்பது உயிருள்ள கிருமி, தும்மினால் தெறிக்கும். அதேபோல, நாய் இருக்கிறது என்பதை நோயாளிகளும் டாக்டரிடம் சொல்வதில்லை. சொன்னால் அனுப்பச் சொல்வாரே என்ற பயம். உடனே அனுப்பிடுங்கள் என்று ஒரு வரியில் முடிக்கும் டாக்டர், அடுத்த நோயாளி நாயை மறைப்பதற்கு வழி செய்கிறார். மறைத்த நாய் கடித்தால் அந்தக் கடியும் மறைக்கப்படும். நாங்கள் இழந்த மூன்று நாள் அப்படித்தான் போகும்.

ஆகவே அவரிடம், டாக்டரை மறுபடி பார்த்து, நாயின் வயது, தடுப்பூசி அட்டை எல்லாவற்றையும் காட்டி, கடி பட்டால் எந்த மருந்தை எவ்வளவு சீக்கிரம் ஆரம்பிப்பது என்று எழுதி வாங்கிக்கொள்ளச் சொல்லியிருக்கிறேன். அதன் பிறகும் அனுப்பத்தான் வேண்டும் என்று அவர் சொன்னால், முதல் ஆறு மாதம் எங்கள் வீட்டில் விடலாம் என்று அந்தப் பெண்ணிடம் சொல்லச் சொன்னேன்.

மணி 2022-ல் பதின்மூன்று வயதில் கண்ணை மூடினான். இப்போது எங்களிடம் இருப்பவள் நாலு வயதில் வந்தவள், கடிக்கும் பருவம் தாண்டியவள். என் மனைவியின் பர்ஸில் "மண்ணீரல் இல்லை, வீட்டில் நாய் உண்டு" என்று ஆங்கிலத்திலும் ஹிந்தியிலும் எழுதிய அட்டை இருக்கிறது. ஃப்ரிட்ஜின் மேல் டாக்டர் எழுதிக்கொடுத்த ஆன்டிபயாடிக் பட்டை ஒன்று. அதன் காலாவதித் தேதியை மாதம் முதல் தேதி பால் கணக்குப் பார்க்கும்போது நான் பார்க்கிறேன்.