புகையிலையின் பயணம் (9): சிகரெட்டின் சின்னத் தம்பிமார்

சென்ற வாரம், யாழ்ப்பாணக் குடாநாட்டின் புகையிலை ஒல்லாந்தர் காலத்திலே தோணியேறித் திருவிதாங்கூர்ச் சந்தைக்குப் போனதையும், பிற்காலத்தில் அந்தச் சந்தை ஒடுங்கியபோது அதே இலை சுருட்டாக உருமாறி, தென்னிலங்கைப் பட்டணங்களில் யாழ்ப்பாணத்து வியாபாரிகள் நடத்திய கடைகளின் வழியே சிங்களக் கிராமத்தவரின் உதட்டைச் சென்று சேர்ந்ததையும் பார்த்தோம். ஒரு வழி அடைபட்டால் வேறொரு வடிவம் பூண்டு வேறொரு வழியால் வெளிப்படுவது இந்த இலையின் சுபாவம் என்று அப்போது சொல்லிவைத்தேன். அந்தச் சுபாவத்துக்கு நம் காலத்திலேயே கிடைக்கிற பிரத்தியட்சமான உதாரணம் ஒன்றை இவ்வாரம் எடுத்துக்கொள்வோம். அமெரிக்காவிலே வாலிபர்களில் ஒரு பகுதியினர் சிகரெட்டை விட்டுவிட்டு, ஏறத்தாழ அதே நீளமும் அதே பருமனும் கொண்ட பழுப்பு நிறச் சிறு சுருட்டுகளைப் புகைக்கிறார்கள். நம் கல்முனைப் பக்கத்திலோ, சிகரெட்டுக்குக் காசு கட்டாத வாலிபன் பீடிக்கட்டின் பக்கம் கையை நீட்டுகிறான். இவ்விரண்டும் ஒரே விவகாரத்தின் இரு முகங்கள் என்பது என் அபிப்பிராயம்.

முதலில் அமெரிக்க விவகாரம். அந்தச் சிறு சுருட்டின் வாயிலே சிகரெட்டுக்கு இருப்பதுபோலப் பஞ்சு வடிகட்டி உண்டு. இருபது இருபதாகப் பெட்டியில் அடைபட்டு வருகிறது. கண்ணை மூடிக்கொண்டு இழுப்பவன் இதற்கும் சிகரெட்டுக்கும் பெரிய பேதம் காணமாட்டான். வெள்ளைக் காகிதத்துக்குப் பதிலாகப் புகையிலை கலந்த பழுப்புத் தாளால் சுற்றியிருக்கிறார்கள், அவ்வளவே. ஆனால் அந்நாட்டுச் சட்டத்தின் கண்ணுக்கு அந்த ஒரு தாள் போதுமானதாக இருந்தது: அது இந்த வஸ்துவைச் சிகரெட் ஜாதியிலிருந்து பிரித்துச் சுருட்டு ஜாதியிலே சேர்த்தது.

1964ஆம் ஆண்டில் அமெரிக்க அரசாங்கத்தின் தலைமை வைத்திய அதிகாரி, சிகரெட்டுக்கும் சுவாசப்பைப் புற்றுநோய்க்கும் உள்ள சம்பந்தத்தை உலகறிய வெளியிட்டபோது, சிகரெட்டைக் கண்டு மிரண்டவர்களில் பலர் புகைப்பதை விடாமல் சுருட்டுக்கு மாறினார்கள். அவ்வருஷத்தில் சுருட்டு விற்பனை என்றுமில்லாத உயரத்துக்குப் போயிற்று. பின்னர் 1971 ஜனவரி 2ஆம் திகதி முதல் வானொலியிலும் தொலைக்காட்சியிலும் சிகரெட் விளம்பரம் கூடாதென்று சட்டம் வந்தது. விளம்பரத்துக்கென்று ஒதுக்கிய பணத்தை என்ன செய்வது என்று அறியாமல் கம்பெனிகள் கலங்கிப்போயிருக்கும் என்று நாம் நினைப்போம். அவர்கள் கலங்கவில்லை. 'வின்செஸ்டர்' என்ற பெயரில் ஒரு சிறு சுருட்டைச் செய்து, அது சிகரெட் அன்று என்ற நியாயத்தின் பலத்திலே, அதே தொலைக்காட்சியில் அதன் அழகை எடுத்துக்காட்டினார்கள். அந்த நியாயத்தின் வாயை அடைப்பதற்கு 1973இல் வேறொரு சட்டம் வேண்டியிருந்தது.

இவ்வளவு அநுபவம் பெற்ற தேசம் 2009இல் மறுபடியும் அதே பள்ளத்தில் காலை வைத்ததுதான் விசேஷம். அவ்வருஷம் செப்டெம்பர் 22ஆம் திகதி முதல் பழ வாசனையும் இனிப்பு வாசனையும் ஊட்டிய சிகரெட்டுகள் விலக்கப்பட்டன. மென்தோல் ஒன்றுக்கே விதிவிலக்கு. பிள்ளைகளுக்குப் புகையை இனிப்பாக்கிப் பழக்குவதைத் தடுப்பதே நோக்கம். ஆனால் விலக்கப்பட்டது சிகரெட். சிறு சுருட்டில் திராட்சையும் செரியும் வனிலாவும் வழக்கம்போல மணந்துகொண்டிருந்தன. கிராம்பு கலந்த சிகரெட்டை அனுப்பிவந்த இந்தோனேசியக் கம்பெனி, அதே கிராம்பைப் பழுப்புத் தாளில் சுற்றிச் சிறு சுருட்டாக அனுப்பத் தொடங்கிற்று. இந்தோனேசிய அரசாங்கமோ, கிராம்பை விலக்கி மென்தோலை மட்டும் விட்டுவைத்தது பட்சபாதம் என்று உலக வர்த்தக நிறுவனத்திலே வழக்காடி 2012இல் வெற்றியும் பெற்றது.

வரியின் கதை இதைவிட ரசமானது. அதே 2009 ஏப்ரலில் சிகரெட்டின் மத்திய வரியைப் பெட்டிக்கு 39 சதத்திலிருந்து ஒரு டொலர் 1 சதமாக உயர்த்தியவர்கள், இந்த முறை புத்திசாலித்தனமாகச் சிறு சுருட்டுக்கும் அதே வரியை விதித்தார்கள். ஆனால் சிறு சுருட்டு எது, பெரிய சுருட்டு எது என்பதை அங்கே தராசு தீர்மானிக்கிறது: ஆயிரம் சுருட்டின் நிறை மூன்று இறாத்தலுக்கு மேற்படாவிட்டால் சிறியது, மேற்பட்டால் பெரியது. பெரியதற்கு எண்ணிக்கைப்படி அன்று, விலையின் விகிதப்படியே வரி. ஆகவே மலிவான சிறு சுருட்டைச் சற்றே கனமாக்கிவிட்டால் அது பெரிய சுருட்டாகி, மலிவு விலைக்கேற்ற மலிவு வரியோடு தப்பிவிடும். அப்படியே செய்தார்கள். கணக்குப் புத்தகத்தில் சிறு சுருட்டின் விற்பனை விழுந்தது, பெரிய சுருட்டின் விற்பனை எழுந்தது. கடையிலே வாலிபன் வாங்கியதென்னவோ முன்பு வாங்கியதைத்தான்.

வாலிபன் ஏன் அதை நாடுகிறான் என்ற கேள்விக்கு இதற்குள்ளேயே பாதி விடை இருக்கிறது. விலை மலிவு, பெட்டி முழுவதும் வாங்க வேண்டியதில்லை, சில வகைகளை ஒன்றிரண்டாகவும் வாங்கலாம், வாசனை இருக்கிறது. இவற்றோடு, நான் சிகரெட் குடிப்பவன் அல்லன் என்று தனக்குத் தானே சொல்லிக்கொள்கிற ஒரு சமாதானமும் சேர்கிறது. சுருட்டுப் புகையை உள்ளே இழுக்க வேண்டியதில்லை, ஆகவே கெடுதி குறைவு என்ற பழைய நம்பிக்கை அந்தச் சமாதானத்துக்கு முட்டுக்கொடுக்கிறது. பழைய சுருட்டைப் பற்றிய அளவில் அதில் ஒரு துளி உண்மை உண்டு. காற்றில் உலர்த்திப் பதப்படுத்திய சுருட்டுப் புகையிலையின் புகை காரத்தன்மை உடையதாகையால், அதிலுள்ள நிக்கொட்டின் வாயின் தோல் வழியாகவே இரத்தத்தில் ஏறிவிடும். சூளையிலே சூடேற்றி உலர்த்திய சிகரெட் புகையிலையின் புகை அமிலத்தன்மை உடையது, அதைச் சுவாசப்பை வரை இழுத்தால்தான் பலன். நம் ஊர் முதியவர்கள் சுருட்டை வாயில் வைத்து நாழிகைக் கணக்காகக் கதைத்துக்கொண்டிருந்ததன் இரகசியம் இதுவே. ஆனால் புதிய சிறு சுருட்டு, மிருதுவாக உள்ளே இழுக்கும்படியே செய்யப்பட்டது. வாயில் வரும் தீமையும் நெஞ்சில் வரும் தீமையும் அதிலே ஒன்றாகக் கூடுகின்றன. அதன் உள்ளீட்டை உதிர்த்துவிட்டுக் கஞ்சாவை அடைத்துப் புகைக்கிற வழக்கமும் அங்கே பெருகியிருக்கிறது. அந்த உபயோகத்துக்காகவே வாங்குகிறவர்கள் அநேகர்.

இனி நம் கரைக்கு வருவோம்.

கல்முனைக்குடியிலும் சாய்ந்தமருதிலும் நிந்தவூரிலும் சுருட்டு என்றால் அது வயது போனவர்களின் சொத்து. வயல் வட்டைக் காவலுக்குப் போகிற கிழவர், கரைவலை இழுத்துக் களைத்தவர், இவர்கள் பாதி புகைத்த துண்டை அணைத்துக் காதிடுக்கில் செருகிவைத்து, இன்னொரு வேளைக்கு எடுத்துப் பற்றவைப்பதை இன்றும் காணலாம். இருபது வயதுப் பையன் அதைத் தொட்டானானால் கூட்டாளிமார் ஒரு வருஷத்துக்குச் சொல்லிச் சிரிப்பார்கள். சிறு சுருட்டு இங்கே செல்லுபடியாகாமற்போனதற்கு இந்தக் கேலி ஒன்றே போதும். அதன் ஸ்தானத்திலே இங்கே இருப்பது பீடி.

பீடிக்கு வாலிபன் போகிற முதற் காரணம் காசு. 2016ஆம் ஆண்டின் கடைசியில், ஒக்டோபரில் உற்பத்தித் தீர்வையும் நவம்பரில் பெறுமதி சேர்க்கப்பட்ட வரியும் அடுத்தடுத்து ஏற, 35 ரூபாய்க்கு விற்ற கோல்ட் லீஃப் சிகரெட் சில வாரங்களுக்குள் 50 ரூபாயாயிற்று. இன்று அது நூறு ரூபாயையும் கடந்து நிற்கிறது. நெல் மூட்டை ஏற்றுகிற ஒரு தம்பியிடம், சாய்ந்தமருதுப் பக்கத்துத் தேத்தண்ணிக் கடையிலே, ஏன் சிகரெட்டை விட்டாய் என்று கேட்டேன். "ஒரு சிகரட் காசுக்கு ஒரு நாளைக்குக் காணுமான பீடி வரும் காக்கா" என்றான். சிறிது நேரம் கழித்து, நான் கேளாமலே, "இது வெறும் இலதானே, அதுல கடதாசி இருக்கி" என்றும் சொன்னான். அமெரிக்க வாலிபன் சொல்கிற அதே சமாதானம். பழுப்புத் தாளுக்குப் பதில் இங்கே காய்ந்த இலை.

ஆனால் இந்தத் தம்பிக்கும் அமெரிக்கத் தம்பிக்கும் ஒரு பெரிய வித்தியாசம் உண்டு. அவன் சிறு சுருட்டைக் கையில் பிடித்துக்கொண்டு வீதியிலே போவான். இவன் பீடியை மறைப்பான். வட்டையிலும் வாடியிலும் மூட்டைக் கொட்டிலிலும் பீடி. கலியாண வீட்டு வாசலிலும், கடற்கரைப் பள்ளிக் கொடியேற்றத்துக்கு வெளியூர்க் கூட்டாளிமார் வந்த இடத்திலும் கோல்ட் லீஃப். நெஞ்சுக்கு ஒன்று, கண்ணுக்கு ஒன்று. இந்த இரட்டைக் குடித்தனத்தைக் கணக்கில் கொள்ளாமல், சிகரெட் விற்பனை குறைந்துவிட்டது என்று மட்டும் பார்த்துச் சந்தோஷப்படுகிறவர்கள் அவசரப்படுகிறார்கள். வரியேற்றம் வீண் என்று நான் சொல்ல வரவில்லை. விலையைக் கண்டு அறவே விட்டவர்களை எனக்குத் தெரியும், புதிதாகத் தொடங்காமல் நின்ற பையன்கள் அவர்களிலும் அதிகமாக இருப்பார்கள். விலை ஏறும்போது பக்கத்துக் கதவு திறந்து கிடந்தது என்பதே என் முறைப்பாடு.

நாம் வெட்கப்பட்டு மறைக்கிற இந்தப் பீடிக்கு ஒருகாலத்தில் அமெரிக்காவிலே ராஜ உபசாரம் நடந்ததென்றால் நம்ப முடிகிறதா? 1990களின் இறுதியில் இந்தியப் பீடி சொக்லேட், மாம்பழம், ஸ்ட்ரோபெரி முதலிய வாசனைகளோடு அங்கே இறங்கி, பாடசாலைப் பருவத்துப் பிள்ளைகளின் நவநாகரிக வஸ்துவாயிற்று. மசாசூசெட்ஸ் மாநிலத்து நகர்ப்புறப் பிள்ளைகளிடையே 1999இல் நடந்த ஒரு விசாரணையில், நூற்றுக்கு 40 பேர் ஒரு தடவையேனும் பீடி புகைத்தவர்களாக இருந்தார்கள். ஏன் என்றதற்கு அவர்கள் சொன்ன காரணங்கள்: சிகரெட்டைவிட ருசி, மலிவு, கெடுதி குறைவு, வாங்குவது இலகு. பத்து வருஷம் கழித்துச் சிறு சுருட்டுக்கு அவர்களுடைய தம்பிமார் சொன்ன காரணங்களும் இவையே. நம் தம்பி முதலாவதைச் சொல்லமாட்டான். மற்ற மூன்றையும் சொல்வான்.

கெடுதி குறைவு என்பதை மட்டும் இங்கே நிறுத்தி விசாரிக்க வேண்டும். ஒரு பீடியில் அடங்கிய புகையிலை சிகரெட்டில் இருப்பதிலும் மிகக் குறைவு என்பது மெய்தான். ஆனால் பீடி இலை காகிதத்தைப்போலத் தானாக எரிவதன்று. இழுக்காமல் விட்டால் அணைந்துவிடும். அணையாமலிருக்க அடிக்கடியும் ஆழமாகவும் இழுக்க வேண்டியிருக்கிறது. அதனால் குறைந்த புகையிலையிலிருந்து சிகரெட்டுக்குச் சமமான, பல சோதனைகளில் அதிலும் கூடிய, தாரும் நிக்கொட்டினும் காபனோரொட்சைட்டும் நெஞ்சுக்குள் இறங்குகின்றன. வடிகட்டியும் இல்லை. வாய், தொண்டை, சுவாசப்பை இவற்றின் புற்றுநோயோடு பீடிக்குள்ள சம்பந்தம் இந்திய வைத்தியர்களால் நெடுங்காலமாக எழுதப்பட்டுவரும் விஷயம்.

வரியை அளக்க அங்கே நிறை என்றால் இங்கே நீளம். இலங்கையிலே சிகரெட்டின் தீர்வை அதன் நீளத்தைக் கொண்டு அளக்கப்படுகிறது. 60 மில்லிமீற்றருக்கு உட்பட்டது முதல் 84க்கு மேற்பட்டது வரை ஐந்து வகுப்புகள். சிகரெட்டைச் செய்வது நாட்டிலே ஒரே கம்பெனியாகையால் ஒவ்வொன்றையும் எண்ணி வரி வாங்குவது சுலபம். பீடியோ ஆயிரம் வீடுகளிலே கையால் சுற்றப்படுவது. ஆகவே அதன் வரி நெடுங்காலமாகப் பெரும்பாலும் துறைமுகத்தில் வந்திறங்கும் இலையின்மேல் விழுந்துவந்தது. இலை இந்தியக் காடுகளிலிருந்து வருவது. வரி ஏறினால் அது துறைமுகத்தை விட்டுவிட்டுக் கற்பிட்டி, மன்னார்க் கரைகளில் இரவிலே இறங்குகிறது. கடற்படையார் பீடி இலை மூட்டைகளைக் கைப்பற்றிய செய்தி பத்திரிகையில் அடிக்கடி வருவதன் தாற்பரியம் இதுதான்.

2006ஆம் ஆண்டின் 27ஆம் இலக்கச் சட்டம், இருபத்தொரு வயதுக்குக் குறைந்தவருக்குப் புகையிலைப் பொருள் எதையும் விற்கக்கூடாதென்கிறது. அந்தச் சட்டம் சிகரெட், சுருட்டு, பீடி என்று பேதம் பாராட்டவில்லை. சிகரெட் பெட்டியிலே நோயுற்ற வாயின் படத்தை எத்தனை பங்குக்குப் போடுவது என்று நீதிமன்றம் வரை வழக்காடி, கடைசியில் 2015இல் நூற்றுக்கு 80 பங்கு என்று பாராளுமன்றம் தீர்த்ததும் நல்ல காரியமே. ஆனால் நம் பெட்டிக்கடைகளில் பெட்டியாக வாங்குகிறவர் எத்தனை பேர்? ஒன்றாக, இரண்டாக எடுத்துக் கொடுக்கிறார் முதலாளி. அந்தப் பயங்கரப் படம் அவர் மேசையறையிலேயே தங்கிவிடுகிறது, தினமும் அதைப் பார்க்கிறவர் புகைக்காத முதலாளிதான். பீடியும் அப்படியே.

வரியாலும் படத்தாலும் ஆகாததை நோன்பு மாதம் செய்துகாட்டுகிறது என்பதையும் சொல்லத்தான் வேண்டும். ஒரு நாளைக்கு ஒரு கட்டுப் பீடி முடிக்கிற மனிதர், சுபஹு தொடங்கி மஃரிப் வரை பதின்மூன்று மணி நேரத்துக்கு மேல், ஒரு இழுவையும் இழுக்காமல் வெயிலில் நின்று வேலை செய்கிறார். பாங்கு சொன்னதும் ஈச்சம்பழத்துக்கு அடுத்தபடி கை எங்கே போகிறதென்பது வேறு விஷயம். பெருநாளோடு சேர்த்துப் புகையையும் விட்டவர்கள் எங்கள் ஒழுங்கையிலேயே இருக்கிறார்கள். அவர்களில் சிகரெட்டை விட்டவர்களைவிடப் பீடியை விட்டவர்கள் குறைவு என்று எனக்குத் தோன்றுகிறது, வெறும் இலைதானே என்று நினைக்கிறவனுக்கு விடவேண்டுமென்ற எண்ணமே எழாததினாலாக இருக்கலாம்.

அந்த இலை மத்தியப் பிரதேசத்திலும் சத்தீஸ்கரிலும் ஒடிசாவிலும் கோடையிலே காடுகளில் பறிக்கப்படுவதையும், திருநெல்வேலி, தென்காசிப் பக்கத்து வீட்டுத் திண்ணைகளில் பெண்கள் மடியிலே முறத்தை வைத்துக்கொண்டு ஆயிரத்துக்கு இன்ன கூலி என்று அதைச் சுற்றுவதையும் அடுத்த வாரம் பார்ப்போம்.