நட்புக்கு ஒத்திகை… தமிழில் ஏன் இல்லை?

ஆட்டிசம் உள்ள வளரிளம் பிள்ளைகளுக்குப் பழகக் கற்றுத்தரும் குரூப் வகுப்புகள் நம் பெருநகரங்களிலும் வந்துவிட்டன. சின்ன வயது தெரபிகள் முடிந்து, பிள்ளைக்கு மீசை அரும்பிய பிறகு ‘இனி என்ன?’ என்று நிற்கும் பெற்றோருக்கு, வாரக் கடைசியின் அந்த ஒன்றரை மணி நேரம் பெரிய ஆறுதல்.

இவ்வகைப் பயிற்சிகளில் உலகெங்கும் அதிகம் ஆராயப்பட்டது, அமெரிக்காவின் லாஸ் ஏஞ்சலிஸில் உருவான ‘பியர்ஸ்’. பதின்வயதினருக்கு 14 வாரம், இளைஞர்களுக்கு 16 வாரம் என்று அதன் கையேடுகள் வகுத்திருக்கின்றன. பிள்ளைகள் ஓர் அறையில் பயிலும்போது, அம்மா அப்பாவுக்குப் பக்கத்து அறையில் வகுப்பு நடக்கும். என்னைக் கவர்ந்தது அதன் நேர்மை. நாலு பேர் பேசிக்கொண்டிருக்கும் இடத்தில் எப்படிச் சேர்வது? ‘நேரா போய் ஹலோ சொல்லு’ என்போம் நாம். போனால் பேச்சு நின்றுவிடும், எல்லோரும் முறைப்பார்கள். நன்றாகப் பழகத் தெரிந்த பிள்ளைகள் நிஜத்தில் என்ன செய்கிறார்கள் என்று பார்த்து, அதையே படிப்படியாகப் பிரித்துத் தருகிறது பியர்ஸ். சற்றுத் தள்ளி நில். கையில் போன் இருக்கட்டும். என்ன பேசுகிறார்கள் என்று காது கொடு. உனக்குத் தெரிந்த விஷயம்தானா? கொஞ்சம் நெருங்கு. பேச்சு ஓயும் நொடியில் அதே விஷயத்தைப் பற்றி ஒரு வார்த்தை சொல். அவர்கள் முகம் கொடுக்கவில்லையா, மெல்ல விலகிவிடு.

கேலிக்கும் இப்படித்தான். ‘கண்டுக்காதே, டீச்சர்கிட்ட சொல்லு’ என்பது எந்தப் பள்ளியிலும் எடுபடாத அறிவுரை. சலிப்பான குரலில் சின்னதாக ஒரு பதில் கொடுத்துவிட்டு நகரச் சொல்கிறது பயிற்சி.

அந்தச் சின்ன பதில் எந்த மொழியில் இருக்க வேண்டும்? என் கவலை அதுதான். ஷேர் ஆட்டோவில் சீண்டுபவனிடம் ‘வாட்எவர்’ என்றால் கேலி இரட்டிப்பாகும். ‘சரி, அதுக்கென்ன இப்ப?’ என்றால் அவன் வாய் அடைபடும். ஆனால் நம் ஊர் வகுப்புகள் பலவற்றில் ஒத்திகை முழுக்க ஆங்கிலத்தில்தான் நடக்கிறது.

சென்னையில் நான் பார்த்த ஒரு வகுப்பில், பத்தொன்பது வயது இளைஞர் ஒருவர் ‘எக்ஸ்கியூஸ் மீ, மே ஐ ஜாயின் யூ?’ என்று பிசிறில்லாமல் சொல்லிக் கைதட்டு வாங்கினார். வகுப்பு முடிந்து கீழே வந்தார். வாசலில் வாட்ச்மேன், ‘என்ன தம்பி, சாப்ட்டாச்சா?’ என்றார். இளைஞர் கேட்டை நோக்கி நடந்துகொண்டே இருந்தார். ‘ஆச்சுண்ணா’ என்று அவசரமாகப் பதில் சொன்னது அம்மா. ‘மூணு வயசுல, வீட்ல ஒரே பாஷைதான் பேசணும்னு சொன்னாங்க சார். ஸ்கூல் இங்கிலீஷ்ங்கறதால நாங்களும் இங்கிலீஷுக்கு மாறிட்டோம். இப்ப அவன் பாட்டிகிட்டயே பேச மாட்டேங்கறான்’ என்றார்.

இந்த அறிவுரையை எத்தனையோ வீடுகளில் கேட்கலாம். இரண்டு மொழி கேட்டு வளர்வதால் ஆட்டிசம் உள்ள குழந்தையின் பேச்சு கூடுதலாகத் தாமதமாகும் என்பதற்கு ஆய்வுகளில் ஆதாரமில்லை. பயந்து தமிழை விட்ட வீடுகளில், பிள்ளை தாத்தா பாட்டியையும் தெருவையும் சேர்த்தே இழக்கிறது.

பழகும் திறமை என்பது ஊருக்கு ஊர் மாறும். யாரை ‘நீ’ என்பது, யாரை ‘நீங்க’ என்பது? பக்கத்து வீட்டுக்காரர் அண்ணனா, மாமாவா? கல்யாண வீட்டில் தூரத்துச் சித்தப்பா ‘எவ்ளோ சம்பளம்?’ என்றால் எப்படி நழுவுவது? துக்க வீட்டிலிருந்து கிளம்பும்போது ‘போய்ட்டு வரேன்’ என்று சொல்லக் கூடாது என்பதை, சொன்னதைச் சொன்னபடியே எடுத்துக்கொள்ளும் பிள்ளைக்கு யார் சொல்லித் தந்திருக்கிறார்கள்? எந்த அமெரிக்கக் கையேட்டிலும் இதற்குப் பதில் கிடைக்காது.

மற்ற நாட்டார் இதைக் கவனித்துவிட்டார்கள். கொரியாவில் பியர்ஸைத் தங்கள் மொழிக்கும் வழக்கத்துக்கும் மாற்றி, சோதித்துப் பார்த்து 2014லேயே முடிவுகளை வெளியிட்டார்கள். இஸ்ரேல், ஹாங்காங், ஜப்பான் என்று அது தொடர்ந்தது.

இந்தப் பயிற்சியே தங்களை நடிக்கவைக்கிறது என்றும், ஏன் நாங்கள் மட்டும் மாற வேண்டும் என்றும் ஆட்டிசம் உள்ள பெரியவர்கள் சிலர் கேட்கிறார்கள். நியாயமான கேள்விதான். ஆனாலும் கற்க விரும்பும் பிள்ளைக்கு வகுப்பு வேண்டும். அது அவன் வாழும் மொழியில் வேண்டும்.

இத்தகைய குரூப் பயிற்சிகளைத் தொகுத்து அலசிய 2017ஆம் ஆண்டு ஆய்வு ஒன்றையும் மனதில் வைக்க வேண்டும். ‘இப்படி நடக்க வேண்டும் என்று தெரிந்துகொண்டேன்’ என்று பிள்ளைகள் சொன்னார்கள்; ‘அப்படி நடக்கிறேன்’ என்று சொல்லவில்லை. ஆசிரியர்களின் மதிப்பீட்டிலும் மாற்றம் தெரியவில்லை. சொந்த மொழியில் கற்றாலே அறையைத் தாண்டுவது இவ்வளவு கடினம் என்றால், வீட்டிலும் வீதியிலும் புழங்காத மொழியில் கற்றது எங்கே போய் நிற்கும்?

பெற்றோருக்கு ஒரு வேண்டுகோள். குரூப் வகுப்பில் சேர்க்கும்போது கட்டணத்தைக் கேட்பதற்கு முன், ஒத்திகை எந்த மொழியில் என்று கேளுங்கள். ஆங்கிலம் என்றால், பாதி நேரமாவது தமிழில் நடத்தச் சொல்லுங்கள். நாலு பெற்றோர் சேர்ந்து கேட்டால் நடத்துவார்கள்.