குளத்தில் ஒத்து வாழும் மீன்களைத் தெரிந்தெடுத்தல்

ஒரே நிலத்தில் உயர்ந்து வளரும் சோளத்தையும் தாழ்ந்து படரும் பயறையும் சேர்த்து விதைத்தால், ஒன்றன் பங்கை மற்றொன்று கவராது இரண்டும் பலன் தருவதைக் குடியானவர் நன்கறிவர். குளத்து மீன்களுக்கும் இவ்விதியே பொருந்தும். ஆயினும் பல கிராமங்களில் குஞ்சுகளைக் கிடைத்தபடியே நீரில் விட்டுவிடுகின்றனர். வருஷ முடிவில் வலையிழுக்கும்போது கொழுத்த விராலும் வாளையும் சில அகப்படுகின்றன. விலை கொடுத்து வாங்கிய குஞ்சுகளோ அவற்றிற்கு இரையாகிப் போயிருக்கின்றன. இந்நஷ்டம் தெரிந்தெடுப்பதில் நேரும் பிழையினால் விளைவதேயாம்.

மீனின் உருவத்தைவிட அதன் ஆகாரத்தையும், அது மேயும் நீர்மட்டத்தையும் முதலில் கவனித்தல் வேண்டும். கட்லாவின் வாய் மேல்நோக்கியிருக்கும். அது மேல்மட்டத்திலுள்ள நுண்ணிய பிராணிகளை உண்ணும். ரோகு நடுமட்டத்தில் மேயும். மிர்கால் அடித்தரையில் மட்கிய பொருள்களைத் தின்னும். எனவே இம்மூன்றும் ஒரே குளத்தில் பகையின்றி வளரும். 5 அல்லது 6 அடி நீர் நிற்கும் 1 ஏக்கர் குளத்திற்கு, 4 அங்குல நீளமுள்ள 2,000 குஞ்சுகள் போதுமானவை. அவற்றுள் கட்லா 800, ரோகு 600, மிர்கால் 600 என்ற விகிதம் ஏற்றது. வெள்ளிக் கெண்டையும் மேல்மட்டத்திலேயே மேய்வதால், அதனைச் சேர்ப்போர் அதற்கேற்பக் கட்லாவைக் குறைத்துக்கொள்ள வேண்டும்.

நீர்ச்செடிகள் மண்டிய குளத்தில் மற்றொரு விஷயமும் ஆலோசிக்கத்தக்கது. செடிகள் பகலில் நீருக்குப் பிராணவாயுவைத் தருகின்றன. இரவிலோ தாமே அதனை உட்கொள்கின்றன. ஆகையால் செடி மிகுந்த குளங்களில் விடியற்காலையில் மீன்கள் மேலே வந்து வாயைத் திறந்து திணறுவதைக் காணலாம். செடிகளை மருந்திட்டு ஒரேயடியாய் அழித்தலும் தகாது. அவை அழுகி, எஞ்சிய பிராணவாயுவையும் போக்கிவிடும். முதலில் ஆட்களைக் கொண்டு ஒரு பகுதியை அகற்றிவிட்டு, 2,000 குஞ்சுகளில் 200 புல் கெண்டையாக இருக்கும்படி விடுதல் நலம். புல் கெண்டை வேலம்பாசி போன்ற மெல்லிய செடிகளை நாள்தோறும் ஏராளமாகத் தின்னும். அதன் எச்சம் குளத்திற்கு எருவாகும். ஆனால் ஆகாயத் தாமரையை அது ஒழித்துவிடுமென்று நம்பலாகாது. அதனைக் கையினாலேயே களைய வேண்டும். தாமரை, அல்லி முதலியவற்றைக் காப்பாற்ற விரும்புவோர் புல் கெண்டையை விடாதிருத்தலே உத்தமம். சாதாக் கெண்டை அடிச்சேற்றைக் கிளறிச் செடிகளின் வேரைப் பெயர்ப்பதோடு கரையையும் குடைவதால், அவ்விடங்களுக்கு அதுவும் ஏற்றதன்று.

விரால், வாளை, கெளுத்தி ஆகியவை பிற மீன்களின் குஞ்சுகளைத் தின்பவை. குஞ்சு விடுவதற்கு முன் குளத்தை வற்றடித்து இவற்றை நீக்க வேண்டும். வற்றடிக்க இயலாதாயின், 1 மீட்டர் ஆழமுள்ள 1 ஏக்கர் நீருக்கு 1,000 கிலோ வீதம் இலுப்பைப் பிண்ணாக்கு இட்டு, 3 வாரம் கழித்தே குஞ்சு விடலாம். குடிநீருக்குரிய ஊருணிகளில் இதனை இடலாகாது. பலமுறை வலையிழுத்துப் பிடித்துவிடுவதே முறை. 1952-ஆம் வருஷத்தில் இந்தியாவிற்கு வந்த திலேப்பியா கொன்று தின்னும் ஜாதியன்றாயினும், குளத்திலேயே ஓயாது பெருகி, இரையைப் பங்கிட்டு, யாவற்றையும் சிறுத்துப்போகச் செய்யும். ஆப்பிரிக்கக் கெளுத்தியை வளர்ப்பதற்கு அரசாங்கத் தடை உண்டு.

முற்காலத்தில் இவ்வாறு தெரிந்தெடுத்தல் எளிதன்று. கட்லா முதலியவை தேங்கிய நீரில் முட்டையிடாமையால், ஆறுகளில் வாரிய கலப்புக் குஞ்சுகளையே நம்ப வேண்டியிருந்தது. 1957-ஆம் வருஷத்தில் ஹீராலால் சௌதுரி, அலிகுஞ்ஞி என்னும் விஞ்ஞானிகள் ஒடிசாவில் கெண்டையினங்களுக்குப் பிட்யூட்டரி சுரப்பியின் சாற்றை ஊசி மூலம் செலுத்தி முட்டையிடச் செய்து வெற்றி கண்டனர். அதன் பயனாகவே இன்று இனம் பிரித்த குஞ்சுகளைப் பண்ணைகளில் வாங்க முடிகிறது. வாங்குவோர் ஒரு தட்டில் சில குஞ்சுகளை எடுத்து, வேற்றினம் கலந்துள்ளதா என்று பார்த்தே பெறுதல் வேண்டும்.

ஊர்ப் பொதுக் குளங்களில் கிராம அதிகாரிகளின் பொறுப்பு அதிகம். கலிங்கிலும் மதகிலும் நெருங்கிய கம்பி வலை அமைக்காவிடில், மழைக்காலத்தில் விட்ட மீன் வெளியேறுவதோடு, கொன்று தின்னும் மீன் உள்ளேயும் புகும். வெளிநாட்டு மீன்கள் ஆற்றையடைந்தால், அங்குள்ள சுதேச மீன்களுக்கும் போட்டி உண்டாகும். மீன்பாசி குத்தகைக்கு விடும்போதே எவ்வெவ்வினங்களை விடலாம், எவற்றை விடலாகாது என்பதை நிபந்தனையில் தெளிவாய் எழுதிவிடுதல் நன்று. தனக்குரிய மட்டத்தில் தனக்குரிய இரையைப் பெறும் மீன் தானும் வளரும், தன்னோடிருப்பதையும் வளரவிடும். குளத்திற்கு உடையவர் செய்ய வேண்டிய முதற்காரியம் அத்தகைய கூட்டத்தைச் சேர்த்துத் தருவதேயாகும்.