பாட்டில் லேபிளில் வாட்டர்கலர் முகம்: வரைந்தவருக்குச் சொந்தமா, வாங்கியவருக்கா?

தேன் பாட்டிலோ ஜூஸ் பாட்டிலோ, மணமக்களின் முகத்தை வாட்டர்கலரில் வரைந்து லேபிளாக ஒட்டினால் அழகான பரிசு ரெடி. இதற்கு ஆர்டர் எடுக்கும் ஓவியர்கள் விலை, டெலிவரி தேதி எல்லாம் பேசிடுவாங்க. ஆனா, அந்தப் படம் யாருக்குச் சொந்தம்?

இது புது ஐடியாவா?

இல்லை. பிரான்ஸின் ஷாட்டோ மூட்டன் ராத்ஷீல்ட் ஒயின் நிறுவனம், 1945 முதல் ஏறக்குறைய ஒவ்வோர் ஆண்டும் ஓர் ஓவியரின் படத்தை லேபிளில் அச்சிடுகிறது. 2004 ஒயினுக்கு அப்போதைய பிரிட்டன் இளவரசர் சார்லஸ் வரைந்த வாட்டர்கலர். 2009 ஒயினுக்கு மும்பையில் பிறந்த அனிஷ் கபூரின் ஓவியம். சம்பளம் பணமாக அல்ல, ஒயின் பெட்டிகளாக! அங்கேயும் பாட்டிலில் இருப்பது அச்சுப் பிரதிதான்.

வரைந்த தாளையே ஒட்டினால் என்ன?

வாட்டர்கலரில் நிறத்தூளைப் பிடித்து வைத்திருப்பது ‘கம் அரபிக்’ என்ற மரப் பிசின். காய்ந்த பிறகும் தண்ணீர் பட்டால் அது கரையும். ஃப்ரிட்ஜிலிருந்து எடுத்த பாட்டில் வியர்த்தாலே போதும், முகம் வழிந்துவிடும். தவிர, 300 ஜிஎஸ்எம் வாட்டர்கலர் தாள் தடிமனானது. பாட்டிலின் வளைவில் படியாமல் ஓரங்கள் எழும்பிக்கொள்ளும்.

சரி, எப்படிச் செய்கிறார்கள்?

தாளில் வரைந்து, ஸ்கேன் செய்து, தண்ணீர் தாங்கும் ஸ்டிக்கர் ஷீட்டில் அச்சிடுகிறார்கள். அச்சிடும் அளவில் குறைந்தது 300 டிபிஐ இருந்தால் கண், உதடு தெளிவாக வரும். அளவும் முக்கியம். 750 மில்லி ஒயின் பாட்டிலின் விட்டம் சுமார் 7.5 செ.மீ. என்றால் சுற்றளவு 23.5 செ.மீ. நேராகப் பார்த்தால் அதில் பாதிகூடத் தெரியாது. அதனால் முகம் லேபிளின் நடுவில், 5 செ.மீ. அகலத்துக்குள் இருப்பது நல்லது. உணவுப் பொருள் என்றால் தயாரிப்பு தேதி, காலாவதி தேதியை மறைத்து ஒட்டக் கூடாது.

உரிமை யாருக்கு?

இங்கேதான் ட்விஸ்ட். பொதுவாக வரைந்தவருக்கே காப்புரிமை. ஆனால் இந்தியப் பதிப்புரிமைச் சட்டம், 1957-ன் 17-வது பிரிவு ஒரு விதிவிலக்கு வைத்திருக்கிறது. ஒருவர் பணம் கொடுத்து ஓவியமோ உருவப்படமோ வரையச் சொன்னால், வேறு ஒப்பந்தம் இல்லாதவரை முதல் உரிமையாளர் வரையச் சொன்னவர்தான். அதாவது 50 பாட்டிலுக்கு என்று வரைந்த படத்தை வாடிக்கையாளர் பின்னர் காலண்டராகவும் அச்சிடலாம். ஓவியர் அதே படத்தை பிரின்ட் போட்டு விற்க நினைத்தால் அனுமதி கேட்கணும்.

ஓவியருக்கு எதுவுமே மிஞ்சாதா?

மிஞ்சும். ‘இதை வரைந்தது நான்’ என்று உரிமை கோரலாம். தன் பெயருக்குக் களங்கம் வரும்படி படத்தைச் சிதைத்தால் தடுக்கலாம். 57-வது பிரிவு தரும் இந்த உரிமை, காப்புரிமை கைமாறினாலும் போகாது.

அப்போ என்ன செய்யணும்?

அட்வான்ஸ் வாங்குவதற்கு முன் நான்கு விஷயங்களை எழுதி, இரு தரப்பும் கையெழுத்திடுங்கள்: காப்புரிமை யாருக்கு, எத்தனை லேபிள் அச்சிடலாம், ஒரிஜினல் தாள் யாரிடம் இருக்கும், ஓவியர் தன் இன்ஸ்டாகிராமில் படத்தைப் போடலாமா. ஒரு பக்கம் போதும்.