புவிச்சரிதவியலும் விஞ்ஞான ஆசிரியரும்

புவிச்சரிதவியலிற் பட்டம் பெற்றுப் பாடசாலை விஞ்ஞான ஆசிரியராக வர விரும்பும் மாணவரை நோக்கி, “கல்லைப் படித்தவருக்கு வகுப்பறையில் என்ன வேலை?” என வினவுவார் உளர். வினா முற்றிலும் பொருளற்றதன்று. க. பொ. த. உயர்தரத்திற் புவிச்சரிதவியல் தனிப்பாடமாக இல்லை; ஆதலின் அதனைக் கற்றவர் இரசாயனவியலோ பொது விஞ்ஞானமோ கற்பிப்பவராகவே வகுப்பிற் புகுதல் வேண்டும். எனினும் அத்தகையோரையே எமது பாடசாலைகள் தேடிப் பெறவேண்டும் என்பது எமது துணிபு.

நாம் மாணவராயிருந்த காலத்திற் கல்சியம் காபனேற்றின் இயல்புகளைக் கரும்பலகையிலிருந்து எழுதி மனனஞ் செய்தோம். வகுப்பறைக்கு வெளியே மதிலில் அடுக்கியிருந்த கல்லும் அதுவே என எவரும் கூறிற்றிலர், எமக்கும் தோன்றிற்றில்லை. யாழ்ப்பாணக் குடாநாடு முழுவதும் மயோசின் காலத்திற் கடலடியிற் படிந்த சுண்ணாம்புக்கல்லின் மேல் அமைந்தது. அக்கல்லில் ஐதான அமிலத்துளி ஒன்றை இட்டால் நுரைத்தெழும். அமிலம் இல்லையேல், பொடித்த கல்லுக்கு வினாகிரியே போதும். எழும் வாயுவைச் சுண்ணாம்பு நீரிற் செலுத்த, நீர் பால்நிறமாகும். அந்நீரைத் தந்த வெற்றிலைச் சுண்ணாம்போ, அதே கல்லைச் சூளையிற் சுட்டு நீற்றியது. வீட்டுக் கேத்திலின் உட்புறத்திற் படியும் வெண்பொருக்கும் அக்கல்லே. மழைநீர் காற்றிலும் மண்ணிலும் காபனீரொட்சைட்டை ஏற்றுக் கல்லைக் கரைத்துக் கிணற்றிற் சேர்த்தது, கொதிக்கையில் மீண்டும் வெளிப்படுகின்றது. ஒரு கல்லினின்று இத்துணைப் பாடங்கள்!

கிணற்றுப் பாடம் இவற்றினும் பெரிது. எமது நன்னீர், சுண்ணாம்புக்கல்லின் வெடிப்புகளிலும் குகைகளிலும் உவர்நீரின் மேல் மிதந்து நிற்கின்றது. புத்தூர் நிலாவரையில் மேலே நன்னீரும் ஆழத்தில் உவர்நீரும் இருப்பது இதனாலேயே. கடல்மட்டத்திற்கு மேல் 1 அடி நன்னீர் நின்றால், அதன் கீழே ஏறக்குறைய 40 அடி நன்னீர் நிற்கும் என்பது கணக்கு. அளவின்றி இறைத்து மேலே ஓரடியை இழப்போமாயின், காலப்போக்கில் கீழே இழப்பது எவ்வளவு என்பதை மாணவரே கணித்துக் கூறுவர். நாளை தோட்டக்கிணற்றில் இயந்திரம் பூட்டப்போகின்றவர்களும் அவர்களல்லரோ?

ஆயினும் பாறையறிவு மட்டும் ஒருவரை ஆசிரியராக்காது. பாட்டனார் காலமே பழங்காலம் எனக் கருதும் சிறுவனுக்கு இருநூறு இலட்சம் ஆண்டு என்றாற் செவிக்கு ஒலியேயன்றி மனத்திற்குப் பொருளில்லை. ஆயிரம் ஆண்டை 1 மில்லிமீற்றராகக் கொண்டு விறாந்தையிற் கயிறு பிடித்தால் அக்காலம் 20 மீற்றராகும். 1619இல் யாழ்ப்பாண இராச்சியம் வீழ்ந்தது தொட்டு இன்றுவரை அரை மில்லிமீற்றரும் ஆகாது. இவ்வாறு அளந்து காட்டும் வித்தையைப் பாறை கற்பிப்பதில்லை. ஆசிரியப் பயிற்சியே கற்பிக்கின்றது.

பேராதனைப் பல்கலைக்கழகத்திற் புவிச்சரிதவியலைக் கற்றுப் பட்டம் பெற்றபின், யாழ்ப்பாணம் முதலிய பல்கலைக்கழகங்களிற் கல்வியியற் பட்டப்பின் டிப்புளோமாப் பயிற்சியைப் பெறலாம். இவ்வொழுங்கில் ஒரு குறையுண்டு: பாடம் ஒரு காலத்திலும் கற்பிக்கும் முறை வேறொரு காலத்திலும் வருவதால், இரண்டும் ஒன்றையொன்று காணாமலே கழிந்துவிடுகின்றன. ஆதலின் பட்டப்படிப்பின்போதே, களப்பயணத்தில் எடுக்கும் ஒவ்வொரு கல்லுக்கும், “இதனை எட்டாம் வகுப்பிற்கு எங்ஙனம் காட்டுவேன்?” என ஒரு பக்கம் எழுதிவைத்தல் நன்று. அன்றியும் களவேலையும் கற்பித்தற் பயிற்சியும் நெடுநாட்களை விழுங்குவன. இரண்டையும் ஒரே தவணையில் ஏற்றுக்கொள்வார் ஈற்றில் இரண்டையும் அரைகுறையாகவே செய்வர்.

கலைப்புலவராக நாம் போற்றும் ஆனந்த குமாரசுவாமியவர்கள் முதலிற் புவிச்சரிதவியலறிஞரே. 1903 முதல் 1906 வரை இலங்கைக் கனிப்பொருளாய்வுக்குத் தலைமை பூண்டு, தோரியனைற்று என்னும் கனிப்பொருளைக் கண்டவர் அவர். இதனை எமது மாணவருட் பலர் அறியார்.

புதுக்கிணறு வெட்டுவிக்கும் பழைய மாணவர்க்கு ஒரு விண்ணப்பம். வெளிப்படும் கல்லில் ஒவ்வொரு துண்டை, எந்த ஊரில் எத்தனை அடி ஆழத்தில் எடுத்தது என எழுதிக் கல்லூரி ஆய்வுகூடத்திற்கு அனுப்புவீர்களாக. மேற்கு மூலையில் அதற்கென ஓர் அலுமாரி வெறுமையாய் இருக்கின்றது.